இறுக்கி அடைத்த கதவு

மலைமேல் இருக்கும் எங்கள் ஹோம்ஸ்டேக்கு நேற்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை. வந்ததுமே கதவிடுக்கில் குளிர்காற்று வருகிறது என்று புகார். குழந்தை இருக்கிறதே என்று கதவைச் சுற்றி ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி, அடியில் ரப்பர் பட்டையும் அடித்துக் கொடுத்தேன். எறும்புகூட நுழையாது.

இன்று காலை ஒரே பனிமூட்டம். நேற்று ராத்திரி வாசலில் அவர்கள் கோழி சுட்ட கரி அடுப்பைக் காணோம். சிந்திய சாம்பல் அவர்கள் அறைக் கதவு வரை போயிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். காற்றுப் போகாத அறையில் கரி எரிந்தால் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

"ஏனுங்க! கதவத் தொறங்க!"

கதவைத் தள்ளினேன். தாழ் போடவில்லை, ஆனால் நான் ஒட்டிய டேப் கவ்விப் பிடித்தது. தோளால் முட்டி முட்டித்தான் திறந்தேன்.

கட்டிலோரம் கரி கனன்றுகொண்டிருந்தது. "தலை சுத்துதுக்கா" என்றார் கணவர். மனைவியால் எழ முடியவில்லை.

"எந்திரிச்சு வெளிய வாங்க ரெண்டு பேரும்!"

துவண்டு கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அழு கண்ணு. அழு சாமி."

குளிர்காற்று முகத்தில் பட்டதும் வீறிட்டு அழுதது. மனைவியைத் தாங்கிக்கொண்டு கணவரும் வெளியே வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஆக்சிஜன் வைத்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். வந்த கையோடு டேப்பை எல்லாம் பிய்த்தெறிந்தேன்.

மாலையில் கிளம்பியவர்கள், அடிவாரம் தாண்டியதும் ரிவ்யூ போட்டிருக்கிறார்கள்: "அன்பான மனிதர்கள். ஆனால் கதவிடுக்கில் காற்று வருகிறது. மூன்று ஸ்டார்."

"ஆமாங்க, வருது" என்று மட்டும் பதில் போட்டேன். சரிதானுங்களே?