அஸருக்குப் பிறகு என்று எழுதினேன்

இயந்திரத்துக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். சிரிப்பு வருகிறதா? வாப்பாவுக்கும் வந்தது. "மணி பாக்கிறத்துக்கா புள்ள இவ்வளவு படிச்ச?" என்று கேட்டார். மனிதருக்குப் பதிலாக டிக்கெட் போடவும் லீவு எடுத்துத் தரவும் இப்போது ஏஐ ஏஜென்டுகள் வந்துவிட்டன. ஒரு நாட்டு நேரம் இன்னொரு நாட்டில் என்ன என்று பார்க்க அவை ஒரு கருவியைக் கூப்பிடும். அதை எப்படிக் கூப்பிடுவது, என்ன கேட்டால் என்ன பதில் வரும் என்று விளக்கக் குறிப்பு எழுதுவது நான். இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில், கடற்காற்றில் துருவேறிக் கிறீச்சிடும் ஃபேனுக்குக் கீழே இருந்து எழுதுகிறேன். வாசிப்பது மனிதரில்லை, இயந்திரம். எழுதியதை எழுதியபடியே செய்துவிடும்.

வளைகுடா நாட்டு வாடிக்கையாளர்கள் கேட்டார்கள் என்று தொழுகை வேளைகளையும் கருவியில் சேர்த்தார்கள். எங்கள் குழுவில் தொழுகிற ஆள் நான் ஒருத்திதான். அந்தப் பகுதி என் தலையில் விழுந்தது. ஒருவர் பின்னேரத் தொழுகையான அஸர் என்று மட்டும் சொன்னால், எந்த ஊர் அஸர் என்று கேட்ட பிறகே நேரம் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். என் எழுத்தைச் சரிபார்ப்பவர், நான் நேரில் கண்டிராத ஒரு மனிதர், அந்த வரியை வெட்டினார். ஏஜென்ட் திருப்பிக் கேள்வி கேட்டால் பாவிப்பவர்களுக்கு எரிச்சல் வருமாம். இரண்டு தரம் சண்டை பிடித்தேன். மூன்றாம் தரம் எக்கேடாவது கெட்டுப் போங்கள் என்று, அவர் கேட்டபடி என் கையாலேயே எழுதினேன்: "இடம் குறிப்பிடப்படாவிட்டால், கேட்பவர் இருக்கும் இடமே எடுத்துக்கொள்ளப்படும்." நல்ல சுத்தமான வசனம் என்று பாராட்டும் வந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்த வாப்பா எழும்பவே இல்லை.

தம்பி கட்டாரில், இறைச்சி அடுக்கும் ஒரு குளிரறையில் வேலை. ஆள் மௌத்தான அன்றே அடக்கிவிடுகிற சனம் நாங்கள், அவன் வந்து சேர வழியே இல்லை. அவனுக்கு மிச்சம் இருந்தது வாப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் ஃபோனில் பார்ப்பது மட்டும்தான். படம் எடுத்து அனுப்பவும் முடியாது. "நான் மௌத்தானா ஒருத்தரும் என்னப் படம் புடிக்கக்கூடா" என்று வாப்பா உயிரோடிருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார். வீடியோவில் காட்டினால் பரவாயில்லை என்று உம்மாவின் அண்ணன், எங்கள் மூத்த மாமா, ஒத்துக்கொண்டார்.

நான் தம்பிக்கு எழுதினேன்: "அஸருக்குப் பிறகு வாப்பாவ எடுக்கிறாங்க. முகம் காட்டுறன். லீவு எடு." மணி எழுதவில்லை. ஊர் எழுதவில்லை. எங்கள் பக்கம் யார் மணி சொல்லுகிறார்கள்? கலியாணம் மஃரிபுக்குப் பிறகு, வயலுக்குத் தண்ணீர் திறப்பது ளுஹருக்கு முன்னே. நாள் முழுக்க இடத்தோடு மணியைச் சொல் என்று இயந்திரத்துக்குப் பாடம் எடுக்கிற நான், வாப்பா கிடக்கும்போது ஊர்க்காரியாகத்தான் எழுதினேன்.

அவன் வேலை செய்யும் இடத்தில் லீவு கேட்பதும் தருவதும் ஏஜென்ட் இருக்கும் ஒரு ஆப்பில்தான். நான் எழுதியதை அப்படியே அதில் போட்டிருக்கிறான். "ராத்தா, லீவு தந்திட்டாங்க" என்று பதில் வந்தது. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். வேலை தொடங்கும் முன் ஃபோனை லொக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறான்.

அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் வந்தார்கள். நான் வாப்பாவின் தலைமாட்டில் நின்று அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆன்சர் பண்றானா புள்ள?" மாமா கேட்டார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் மாமா."

மூன்று தரம் ஐந்து நிமிடம் கேட்டேன். மூன்று தரமும் தந்தார். பிறகு, "மையித்த வெச்சிக்கொண்டு இரிக்க ஏலா புள்ள. மூடுங்க," என்றார்.

"மூட வேணாம்!" என்று கத்தினேன். அத்தனை ஆண்களுக்கு முன்னால் கத்தினேன், வெட்கமே வரவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் என் கையைப் பிடித்து, "சத்தம் போடாத புள்ள, வாப்பாட மையித்துக்கு வேதன," என்றாள். கபன் துணியை இழுத்து முகத்தை மூடினார்கள். ஃபோன் என் கையில்தான் இருந்தது. ஒரு படம், ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாம். வாப்பாவின் சொல்லை மீற எனக்குத் துணிவு வரவில்லை.

ஐந்தரைக்கு, அடக்கிவிட்டு வந்தவர்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, தம்பி வீடியோவில் வந்தான். தடித்த குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது.

"ராத்தா, கெதியாக் காட்டுங்க. இன்னும் எடுக்கல்லதானே? ஒரு மணியில இரிந்து கெஞ்சிறன். அஸருக்குப் பிறகுதான் லீவு எண்டு போட்டிரிக்காம், சூப்பவைசர் கதவத் திறக்கிறான் இல்ல."

அவனுடைய ஒரு மணிதான் எங்கள் மூன்றரை, எங்கள் அஸர் வேளை. ஃபோனைத் திருப்பிக் காட்டினேன். சுருட்டி வைத்த பாய், வெறும் கட்டில், குளிப்பாட்டிய ஈரம் காயாத தரை. "கட்டிலக் காட்டுறீங்க ராத்தா," என்றான்.

மூன்றாம் நாள், சூப்பவைசர் மீது முறைப்பாடு கொடுக்கப் போவதாகச் சொல்லி, ஆப் தந்த அனுமதியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். கட்டார் அஸருக்குப் பிறகு, எங்கள் நேரம் ஐந்தரைக்கு, அரை மணித்தியாலம் லீவு. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. இடம் குறிப்பிடப்படவில்லை, ஆகவே கேட்பவர் இருக்கும் இடம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

என் வசனம். சண்டை பிடித்துக் களைத்துப்போய் என் கையால் எழுதிய வசனம்.

"இதுக்கு ஆரு ராத்தா இப்பிடிச் செல்லிக் குடுத்த?" என்று தம்பி எழுதியிருந்தான். "உங்கட வேலயும் இதுதானே. உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும்."

எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில், "தெரியாது தம்பி" என்று அனுப்பினேன்.

"சரி ராத்தா," என்று பதில் வந்தது. "நீங்க அழாதீங்க."