பெட்டி அறைக் காற்று

சாம்பிராணி வாசம்...

எண்பதுகளின் தொடக்கம். தெமோதரையில் ரயிலை விட்டு இறங்கி, மேடேறி நடந்து, அந்தத் தேயிலை ஃபேக்டரியின் பெட்டி அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது அதுதான். வந்த எரிச்சலில் பையை வாசலிலேயே வைத்துவிட்டேன்.

தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை மையால் பதிக்கும் அறை அது. மையைக் கரைக்கத் தின்னர். அந்த வேலை பார்த்த லெச்சுமி அக்காவுக்குத் தினமும் தலைவலி, மயக்கம். ஃபேக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் நம்பவில்லை. காற்றில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தால் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். முழங்கால் தேய்ந்தவர் அந்தச் சரிவில் எப்படி நிற்பார்?

நான் கொழும்பு லேப்பிலிருந்து காற்றை அளக்க வந்தவன். அறையின் நீள அகலம், ஒரு நாளில் தீரும் தின்னர், ஜன்னல் சந்து... எல்லாவற்றையும் வைத்து, ஆவி எங்கே தேங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தரையோரம். குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகே.

வந்து பார்த்தால் ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது. தரை கழுவியிருக்கிறது. மூலையில் புகை.

“யாரு இந்த வேலை பாத்தது?”

“நாந்தான் தம்பி. கொழும்புலேருந்து வர்றீங்க... இந்த நாத்தத்துலயா உக்கார வைக்கிறது?” என்றார் அக்கா.

தன் பக்கத்துச் சாட்சியைத் தானே கழுவி விட்டிருந்தார்.

“அக்கா, எனக்கு அந்த நாத்தந்தான் வேணும். எப்பவும் போல ஜன்னலை மூடிப் போட்டு வேலை செய்ங்க. நாளைக்கு வர்றேன்.”

மறுநாள், ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய கண்ணாடிக் குழாயை அவர் தோளில் சேலையோடு சேர்த்து ஊக்கால் குத்தினேன். காற்றை இழுக்கும் சின்ன பம்ப் இடுப்பில்.

டீமேக்கர் வந்தார். “சுவத்துல மாட்டுங்க தம்பி. அதான் முறை.”

“சுவரா சார் மூச்சு விடுது?”

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். போகட்டும் என்று சுவரிலும் ஒன்று மாட்டினேன்.

லேப் முடிவு வந்தது. சுவர்க் குழாயில் ஆவி கொஞ்சம்தான். அக்காவின் குழாயில் கரி தாங்க முடியாத அளவு. என் கணக்குச் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பெட்டி வேலை வெளித் தாழ்வாரத்துக்கு மாறியது, அக்காவோடு.

இப்போது சட்டைப்பையில் செருகும் கருவி நின்ற இடத்திலேயே எண்ணைக் காட்டுகிறது. ஆவி போகும் வழியைக் கம்ப்யூட்டர் கலர் கலராக வரைகிறது. பம்பைச் சுமந்து ஏறிய அந்த மேடு நினைவில் இனிக்கத்தான் செய்கிறது...

ஆனால் குழாய் கொழும்புக்குப் போய், முடிவு மலையேறி வர வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளும் அக்கா அந்த அறையில்தான் குனிந்து உட்கார்ந்திருந்தார்.