நீர்நாய் இல்லை என்று எழுதினேன்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று வீட்டில் இன்றும் ஒரு பெயர் உண்டு. அரசாங்கத் தாளில் கையெழுத்துப் போட்டே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்தேன். கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி, ஓடைக்கு அக்கரையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். மழையில் ஓடை பெருகிவிட்டால் இக்கரைக்கு யாரும் வர முடியாது. அங்கே மரவள்ளி பயிரிட்டிருந்த ஒரு அம்மாவின் கணவருக்குக் காசநோய். வாரத்துக்கு இரண்டு முறை கரியாலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முந்தைய மழைக்காலத்தில் ஊசி விட்டுப்போய் மனிதர் எலும்பும் தோலுமாகிவிட்டார். இன்னொரு மழை இப்படிப் போனால் ஆள் தேற மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓடைக்குப் பாலம் கேட்டு அந்த அம்மா எங்கள் அலுவலகத்துக்கு நடந்த நடையில், முகம் கொடுத்துப் பேசாத எங்கள் பியூனே அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

இடம் பார்க்கப் போனேன். ஓடைக்கரை வரை அவர் கணவரின் இருமல் கேட்டது. ஓடை குறுகும் இடத்தில் மட்டம் பார்த்து லெவல் எடுத்து, சிவப்பு பெயிண்ட் அடித்த நான்கு கற்களை அடையாளத்துக்கு நட்டேன். கிளம்பும்போதுதான் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து ஒரு நீர்நாய் எட்டிப் பார்த்தது, பின்னாலேயே மூன்று குட்டிகள். பாலம் போட அந்தப் பாறையைத்தான் வெடி வைத்து உடைக்க வேண்டும்.

ஓடை காட்டுக்குள் வருவதால் வனத்துறை அனுமதி தேவை. அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி: வேலை நடக்கும் இடத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் உண்டா? எங்கள் அலுவலகத்தில் அந்தக் கேள்வியை யாரும் படித்ததே கிடையாது. பழைய ஃபைலைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். நான் படித்தேன், யோசித்தேன், பிறகும் ‘இல்லை’ என்றே எழுதினேன். ‘உண்டு’ என்றால் ஃபைல் ஏதாவது மேசையில் போய்ப் படுத்துவிடும், மழைக்கு முன் எழுந்திருக்காது. அந்த மனிதரின் இருமல்தான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வனத்துறை ரேஞ்சர் இடம் பார்க்க வரவேண்டிய வாரத்தில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், பஸ் ஓடவில்லை. எல்லாம் அடங்கி நானும் அவரும் மலையேற ஒரு மாதமாகிவிட்டது.

போய்ப் பார்த்தால் நட்ட இடத்தில் கற்களைக் காணோம். ஓடையோரமாகவே இன்னும் மேலே, வேறொரு இடத்தில் வரிசை பிசகாமல் நின்றன. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். லெவல், வரைபடம், மதிப்பீடு எல்லாம் பாழ், மறுபடி முதலிலிருந்து என்றால் மழை வந்துவிடும். யார் கை வைத்தது என்று கத்தினேன். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“நான்தாங்க சார் புடுங்கி நட்டேன். அங்க நீர்நாய் குட்டிங்கள வச்சிக்கினு இருக்குது. அதுங்க எங்க போவும்? நாங்க கொஞ்சம் சுத்திப் போய்க்கிறோம்.”

கல் நகர்ந்தால் பாலமும் தானாக நகர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். புதிய வரிசை அவருடைய மரவள்ளிக் கொல்லையின் நடுவே போனது. கிழங்கு இன்னும் முற்றவில்லை. அது தெரிந்தேதான் கற்களை அங்கே நட்டிருந்தார்.

ரேஞ்சர் ஃபைலைத் திறந்து என் பதிலைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் பேனாவை நீட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘உண்டு, அதனால் இடம் மாற்றப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று பொழுது சாயும்வரை புது இடத்தில் அளந்தோம். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா தன் பயிருக்குள்ளேயே நின்றார். கற்கள் பழைய இடத்திலேயே இருந்து, குட்டிகளும் தன் கண்ணில் பட்டிருந்தால், பாலமே கூடாது என்று தான் எழுதியிருக்கக்கூடும் என்று இறங்கும்போது ரேஞ்சர் சொன்னார். புது வழியில் பாதி அந்த அம்மாவின் பட்டா நிலம். காட்டு நிலம் கம்மியாகவே தேவைப்பட்டதால் அனுமதியும் இழுத்தடிக்காமல் வந்தது. மழைக்கு முன்பே பாலத்தை முடித்துவிட்டோம்.

முதல் வெள்ளம் வந்தபோது பார்க்கப் போனேன். ஊசிக்குப் போகிற கணவர் மெல்ல நடந்து பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அந்த அம்மா, ரேஞ்சர் பேனா கொடுத்த அன்று எதை அடித்து எழுதினீர்கள் என்று கேட்டார். முதலில் ‘இல்லை’ என்று எழுதியிருந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“எங்களுக்காவத்தான அப்டி எழுதனீங்க” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். மனம் கொஞ்சம் லேசானது. கணவர் பாலத்தைத் தாண்டி முடித்ததும், அந்த அம்மா கோபமே இல்லாமல் சொன்னார்:

“இனிமே எங்க பேரச் சொல்லி அப்டி எழுதாதீங்க சார்.”