வானம் கொஞ்சம் குதூகலமாக இருக்கிறதோ

காலண்டர் தொழிலில் மையைவிட வாய்தான் சீக்கிரம் தீரும். பேப்பர்க்காரரிடம் கத்தணும், மிசின்காரரிடம் கத்தணும், லாரி ஆபீஸில் கத்தணும்; கத்தாதவளுக்குச் சிவகாசியில் லோடு ஏறாது என்றுதான் நான் நம்பியிருந்தேன். வாங்குகிறவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முழித்த என் போன்ற ஏஜெண்டுகளுக்காக இதை எழுதுகிறேன். முழிக்காதவர்களும் படிக்கலாம், உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

நம்ம ஊர் கஸ்டமர்

மல்லாங்கிணற்றில் மழை பொய்த்த ஒரு வருசம், எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஒட்ட வந்தவள் நான். பிறகு லேபிள், பிறகு நோட்டீஸ், பிறகு காலண்டர் என்று ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்ட் ஆனேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது கஸ்டமர்கள்தான், அதுவும் திட்டித் திட்டி.

சாத்தூரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு முருகன் படம் போட்ட காலண்டர் கொண்டுபோனேன். மயிலின் பச்சை கொஞ்சம் மங்கல். கட்டைப் பிரித்துப் பார்த்தவர், அப்படியே தூக்கி வாசலில் வைத்தார். அவருக்குச் சந்தேகமோ வருத்தமோ கவலையோ, எதுவானாலும் திட்டாகத்தான் வெளியே வரும். எனக்கும் அது வசதி, அடுத்து என்ன செய்யணும் என்று உடனே தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் சொன்னது: "ஏத்தா, மயிலு நாலு நாளாச் சாப்பிடலையா? கொண்டுபோயி இரை போட்டுக் கூட்டிட்டு வா."

நனைந்த சாம்பிள்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருசம் இருக்கும், இங்கிலாந்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஹெலன் அம்மா என்று பேர். கடலோரத்துச் சின்ன ஊரில் வாழ்த்து அட்டைக் கடை வைத்திருந்தார். அந்த ஊர்த் தோட்டக்காரர் சங்கத்துக்குக் காலண்டர் வேணும். பன்னிரண்டு பேர் அவரவர் தோட்டத்தை அவரவரே எடுத்த பன்னிரண்டு போட்டோ. எனக்கு இங்கிலீஷ் ‘யெஸ்’, ‘நோ’வோடு சரி. என் கூட்டாளி ஜாபர் அண்ணன்தான் மெயில் படித்துச் சொல்வார். விருதுநகரில் பேப்பர் வியாபாரம் பண்ணுகிற குடும்பம், கான்வென்ட் படிப்பு.

முதலில் பேப்பர் சாம்பிள் அனுப்பினோம். கூரியரில் எங்கேயோ தண்ணீரில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, வேகாத தோசை மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தம்மாவே படம் எடுத்து அனுப்பியிருந்தார். சாத்தூர் முதலாளியாக இருந்தால் ஏழு தலைமுறையை இழுத்திருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மெயிலைப் படிக்கச் சொன்னேன். ஜாபர் அண்ணன் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "‘பார்சலைப் பிரிச்சப்ப, உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு லேசா ஒரு ஏமாற்றம்.’ அம்புட்டுத்தான் எழுதியிருக்கு தங்கச்சி."

வானத்தைக் கழுவினேன்

போட்டோக்கள் வந்தன. பன்னிரண்டிலும் சாம்பல் வானம், ஈரப் புல், நடுவில் குளிரில் நடுங்குகிற மாதிரி ரெண்டு ரோஜா. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, மங்கலான வானத்தை அப்படியே அச்சுக்கு விடமாட்டோம். நம் காலண்டர் டீக்கடையில் தொங்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவன் கண்ணையும் பிடித்து இழுக்கணும். கம்ப்யூட்டரில் நீலத்தை ஏற்றச் சொன்னேன். புல்லைக் கிளிப்பச்சை ஆக்கினேன். ரோஜாவுக்கு ரத்தம் ஏற்றினேன். இதற்கென்று தனி ரேட் கேட்கவில்லை, என் அன்பளிப்பு. அந்தம்மா பார்த்துச் சரி சொல்ல ப்ரூஃப் போனது.

பதில் வந்தது. வானமெல்லாம் ரொம்பக் குதூகலமாக இருக்கிறதாம். இது தன் ஊர்தானா என்று ஒரு நிமிஷம் அவருக்கே சந்தேகம் வந்ததாம். சங்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கிறாராம். மனசில் பட்டதைச் சொன்னாராம், தொழில் தெரிந்தவர்கள் நாங்கள்தானாம். நான் ஆபீஸ் முழுக்க வடை வாங்கிக் கொடுத்தேன். பாராட்டு என்றால் இப்படி வரணும் என்றேன். ஜாபர் அண்ணன் மட்டும் வடையைக் கடிக்காமல் மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அண்ணே என்று அதட்டினேன். "நனைஞ்ச பார்சலுக்கு லேசா ஏமாற்றம்னு எழுதுன ஆளு இது. இப்ப சந்தேகம்னு எழுதுதுன்னா, அங்கன வீடே பத்தி எரியுதோ என்னமோ தங்கச்சி."

போனில் கத்தினேன்

நான் காதில் வாங்கவில்லை. தீபாவளிச் சீசன், ஊரிலுள்ள மிசினெல்லாம் பட்டாசுப் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற ராப்பர் அடித்துக்கொண்டிருந்தன. கிடைத்த இரண்டு நாளில் அடித்தால்தான் கப்பல் ஏறும். வருசம் பிறந்த பிறகு போய்ச் சேருகிற காலண்டர் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். ஜனவரி ஷீட்டிலிருந்து ஏப்ரல் ஷீட் வரை அடித்துவிட்டேன். மத்தியானம் ஜாபர் அண்ணன் பொறுக்கமாட்டாமல் இங்கிலாந்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நல்லா இருக்கா இல்லையா, ஒரே வார்த்தை என்று கேட்டோம். அந்தம்மா அழகாக இருக்கிறது என்றார், தனக்குத்தான் சின்னத் தயக்கம் என்றார், அதைச் சொல்வது சரியோ தப்போ என்றார். எனக்கு வந்ததே கோபம். பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, நான் என்ன குறி சொல்கிறவளா, இங்கே மிசின் ஓடுகிறது என்று தமிழிலேயே கத்தினேன். ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்க அண்ணே என்று வேறு உத்தரவு போட்டேன். அவரும் சொன்னார்.

போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை, அந்தம்மா மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அது அவர்கள் வானம் இல்லையாம். அந்தத் தோட்டங்களை வளர்த்தவர்களுக்கே அடையாளம் தெரியாதாம், ஒருத்தரும் வாங்கமாட்டார்களாம். கடைசியாகச் சொன்னதை ஜாபர் அண்ணன் தமிழில் சொன்னார்: "‘இந்தக் காலண்டர் போகலைன்னா கடையை மூடிரணுமோன்னு எப்பவாச்சும் ஒரு நினைப்பு வரும்.’ எப்பவாச்சும்னா தெனமும் தங்கச்சி."

அண்ணாச்சியின் மேசை

நாலு மாசத்து ஷீட்டையும் கழிவுக்குப் போட்டேன். என் தப்பு, என் நஷ்டம். பழைய வானத்தோடு புது ப்ளேட் போட ஒரு நாள் போதும், மிசின்தான் இல்லை. பிரஸ் முதலாளி அண்ணாச்சியிடம் பதினைந்து வருசமாகச் சண்டை போட்டுத்தான் மிசினுக்குத் தேதி வாங்குவேன். மேசையைத் தட்டாமல் நாங்கள் பேசியதே கிடையாது. அன்றைக்கும் தட்டத்தான் போனேன். போய் உட்கார்ந்தால் கை எழும்பவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் ஒரு அட்டைக்கடை, பூட்டின கதவோடு கண் முன்னால் நின்றது.

அண்ணாச்சி, எனக்கு ஒரு சின்னப் பயம், உங்களிடம் சொல்லலாமா கூடாதா தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. வானம், தோட்டம், கடை எல்லாம் சொன்னேன், நீலத்தை ஏற்றினது நான்தான் என்பதையும் சொன்னேன். அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்த போனை வைத்தார், எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், ஏற இறங்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ராப்பரை நிறுத்தி மிசினைத் தருகிறேன் என்றார். "நீ கத்துனா எனக்குப் பழகிப்போச்சு தாயி. இப்படிப் பேசுனா வீட்ல யாருக்கும் முடியலையோன்னு பதறுது. மிசினை எடுத்துக்க, மொதல்ல மொகத்தை மாத்து."

நீல மைக்குக் காவல்

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மிசின் பக்கத்திலேயே நின்றேன். மிசின்மேன் முருகேசனுக்குக் கை சும்மா இருக்காது. பத்து ஷீட்டுக்கு ஒரு தடவை நீல மைப் பக்கம் போகும், நான் தட்டிவிடுவேன். இத்தனை வருசம் மங்கலாக அடித்தாய் என்று அவரைத் திட்டியிருக்கிறேன். மங்கலாக அடி என்று கெஞ்சியது அன்றைக்குத்தான். டிசம்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முருகேசன் சொன்னார்: "யக்கா, இந்த வானத்தைப் பார்த்தா துணி காயப்போடக்கூட மனசு வராதே."

கையெழுத்துக் கடிதம்

காலண்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மெயில் வரவில்லை, கையால் எழுதின கடிதம் வந்தது. சங்கத்தார் ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தைப் பிரித்து, இது என் வேலி, இது நான் தூறலில் நின்று எடுத்தது என்று கடைக்குள்ளேயே கூச்சல் போட்டார்களாம். பக்கத்து ஊர்ச் சங்கமும் கேட்டிருக்கிறதாம். கடையை மூடவில்லை. அந்தம்மாவிடம் கத்தினதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாபர் அண்ணன் கடைசி வரியைப் படித்தார்: "‘நீங்க அன்னைக்குக் கோவப்பட்டதுக்கு நன்றி, இல்லேன்னா நான் வாயைத் திறக்காமலே கடையை மூடியிருப்பேன்.’"

அந்தம்மா கத்தப் பழகினாரா தெரியாது, நான் அவர் புண்ணியத்தில் ‘எனக்கு ஒரு சின்னப் பயம்’ என்று ஆரம்பிக்கப் பழகிவிட்டேன், பதினைந்து வருசம் மேசையைத் தட்டியும் கிடைக்காத தேதியெல்லாம் இப்போது கிடைக்கிறது, அண்ணாச்சியிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.