எட்டுத் திரைச்சீலைகள்

தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் அக்கா முதலில் சொல்வது குடை விஷயத்தைத்தான்.

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறையில் அவன் ஒன்பது வருஷம் வேலை பார்த்தான். குடை, கண்ணாடி, ஒரு முறை ஒரு செயற்கைக் கால், எது வந்தாலும் நோட்டில் எழுதி, சீட்டு கட்டி, அலமாரியில் வைப்பான். ஒரு நாள் ஓர் அம்மா வந்து, "அதோ அந்தக் கறுப்புக் குடை என்னுது" என்றார்.

"கைப்பிடியில என்ன அடையாளம் மேடம்?"

அவருக்கு ஞாபகம் வரவில்லை. "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க. குடை எங்கேயும் ஓடிடாது" என்று அனுப்பிவிட்டான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நகரசபைத் தேர்தலில் அந்தத் தொகுதியில் நிற்கப்போகிறவர் அவர் என்று பக்கத்து மேசைக்காரர் காதைக் கடித்தார். "நிக்கட்டும். முதல்ல கைப்பிடி" என்றான் தம்பி.

மறுநாள் அவர் திரும்ப வந்து, கைப்பிடியில் நாய் கடித்த தடம் இருக்கும் என்று சரியாகச் சொல்லி வாங்கிப் போனார். தேர்தலில் ஜெயித்த அடுத்த வாரமே ஆள் அனுப்பினார். "என்னை நனைய விட்ட அந்த மனுஷன்தான் என் ஆபீசுக்கு வேணும்."

இப்படித்தான் தம்பி நகரசபை உறுப்பினரான அவருடைய அலுவலகத்துக்குப் போனான். அங்கே அவனுக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தார்கள். ஆறு மாதம் தற்காலிகம். அதன் பிறகு உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம்.

உறுப்பினர் பதவி ஏற்றதும் ஐந்து வாக்குறுதிகளை எழுதி, அலுவலகச் சுவரில் மாட்டச் சொன்னார். எழுதியது தம்பியின் கை. தன்னைப் பார்க்க வருகிறவர் யார், எதற்காக வந்தார் என்பது அத்தனையும் பதிவாகி, திங்கட்கிழமைதோறும் வாசல் பலகையில் ஒட்டப்படும் என்பது முதலாவது. பரிசோ இலவசமாக ஒரு வேலையோ யாரிடமும் வாங்குவதில்லை, தவறி வந்துவிட்டால் அதுவும் அதே பலகையில் வரும் என்பது மூன்றாவது. ஆரம்பத்தில் ஊரே சிரித்தது. நாலு மாதம் போனபின் திங்கட்கிழமை காலையில் பலகைக்கு முன்னால் பத்துப் பேராவது நின்றார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரி முதல் கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார். வாழ்நாள் எல்லாம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தவருக்கு இப்போதுதான் படிக்கக் கிடைத்திருக்கிறது என்று அக்காவின் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அக்கா எட்டாவது வரை படித்தவள். நாலு தெரு தள்ளி ஒரு சந்தில் லாண்டரி வைத்திருக்கிறாள். அவள் கடையில் இருபது வருஷமாக ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்தது இல்லை. ஒவ்வொரு துணிக்கும் ஒரு நம்பர் சீட்டு. துணி திரும்பிப் போனதும் அந்தச் சீட்டு வாசற்கம்பியில் குத்தி நிற்கும். தம்பிக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், கம்பியைப் பார்ப்பாளே தவிர வாயால் சொல்லமாட்டாள்.

ஒரு நாள் அவனைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனபோது அவன் பல் வைத்தியரிடம் போயிருந்தான். ஜன்னல்களில் திரைச்சீலைகள் அழுக்கேறிக் கிடந்தன. தம்பி உட்காருகிற இடத்தில் இப்படியா? அவளுக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே நாற்காலி மேல் ஏறி எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் பளிச்சென்று கொண்டுவந்தபோது தம்பிதான் நாற்காலியில் ஏறி மாட்டினான். அவள் கீழே நின்று, "இடது பக்கம் ஏறியிருக்கு பாரு" என்று சொல்லிக்கொடுத்தாள். காசு என்ற பேச்சே வரவில்லை. தம்பியின் சட்டைக்கு அவள் என்றைக்குக் காசு வாங்கினாள்?

அதற்கு அடுத்த வாரம், அவள் கடை இருக்கும் சந்தில் வண்டிகள் வரக்கூடாது என்று நகரசபை ஒரு திட்டம் கொண்டுவந்தது. வண்டி வராவிட்டால் லாண்டரி மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டியதுதான். சந்தின் பதினொரு கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டு உறுப்பினரிடம் மனு கொடுத்தார்கள். தம்பி அதைச் சரியாகவே எழுதி ஒட்டியிருந்தான்: "சந்துக் கடைக்காரர்கள் பதினொரு பேர். இவர்களில் லாண்டரிக்காரர் அலுவலக உதவியாளரின் அக்கா." உறுப்பினர் வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவதாக இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை தபால்காரர் தன் பேண்டை வாங்க லாண்டரிக்கு வந்தார். தம்பியும் சட்டை எடுக்க வந்து நின்றான்.

"உங்க தம்பி ஆபீஸ் பரவாயில்லை, நல்லா வெச்சிருக்காங்க" என்றார் தபால்காரர்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஜன்னல்ல தொங்குதே, அத்தனையும் நான் துவைச்சது. ஒரு காசு வாங்கலை!"

தபால்காரர் பேண்டை மடித்துக்கொண்டே நின்றார். "அப்படியா? பலகையில பார்த்த ஞாபகம் இல்லையே. நான் ஒரு வரி விடமாட்டேனே."

அக்கா சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய்ச் சட்டையை வாங்காமலேயே முக்காலியில் உட்கார்ந்தான். தபால்காரர் போனதும் சொன்னான்.

"நான்தானே அக்கா மாட்டினேன். என் கையாலேயே மாட்டிட்டு எழுதாம விட்டிருக்கேன்."

"திரைச்சீலைடா அது! தங்கக் காசா கொடுத்தேன்?"

"இலவசமா ஒரு வேலைன்னு எழுதியிருக்கு. எழுதினதும் நான்தான். உன்கூடச் சேர்ந்து செஞ்சது, வீட்டு வேலை மாதிரி இருந்துச்சு. தோணவே இல்லை."

"சரி, வியாழக்கிழமை கழியட்டும். அப்புறம் எழுதிக்கோ."

"மேடம் கூட்டத்துல எழுந்து நம்ம சந்துக்காகப் பேசுவாங்க. அந்தச் சந்து லாண்டரி அவங்க ஆபீசுக்குச் சும்மா துவைச்சுக் கொடுத்திருக்கு. அது பின்னால வெளிய வந்தா அவங்க மூஞ்சிய எங்க வெச்சுக்குவாங்க?"

தற்காலிகம் முடிய இன்னும் ஒன்பதே நாள் இருந்தது. அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்பது வருஷம் எவனோ விட்டுப்போன குடையைக் காத்தவன், இவள் வாயைக் கட்டாததால் வீட்டுக்கு வரப்போகிறான்.

"நல்லாத்தான் வெளுத்துட்டே, போ" என்றார் விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர். அவள் பார்த்த பார்வையில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்காமல் நேரே அலுவலகத்துக்குப் போனாள். தம்பி மேசைக்குப் பின்னால் இருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பேனாவைத் திறந்தான்.

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"டேய், என்னைத் தெரியலையா உனக்கு?"

"தெரியும். அதையும் எழுதணும்."

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "திரைச்சீலை விஷயமாகன்னு எழுதிக்கோ" என்றாள்.

உள்ளே உறுப்பினரும் அவருடைய செயலாளரும் ஏற்கெனவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி எட்டு மணிக்கே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். செயலாளர் அலுத்துப்போன குரலில், "நாலு நாள் கழிச்சு ஒட்டினா யாரு மேடம் கேட்கப்போறா? இப்ப ஒட்டினா மனுவே சந்தேகமாயிடும்" என்றார்.

அக்கா நின்றபடியே சொன்னாள். "மேடம், தப்பு என்னுது. அவன் ஊர்ல இல்லாதப்போ... இல்லை, பல்லுக்குப் போயிருந்தப்போ நான்தான் கழட்டினேன். அவனை அனுப்பிடாதீங்க."

"மாட்டினது யாரு?" என்று உறுப்பினர் கேட்டார்.

"நான்" என்றான் வாசலில் நின்ற தம்பி.

உறுப்பினர் அவன் எழுதிக்கொண்டுவந்த தாளைப் படித்தார். "'லாண்டரிக்காரர், உதவியாளரின் அக்கா. ஆறு திரைச்சீலைகள், இலவசமாகச் சலவை. பதிவு செய்யத் தவறியவர் உதவியாளர். பத்தொன்பது நாள் தாமதம்.'"

"ஆறு இல்லை" என்றாள் அக்கா, வாயை மூடிக்கொள்ள முடியாமல். "எட்டு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"உள் அறையில ரெண்டு சின்னது இருக்கு. அது ரெண்டும் நான் மாட்டினது. இதோ." பைக்குள்ளிருந்து எட்டு நம்பர் சீட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் தேதி, ஜன்னல், நீளம். "எழுதுறதுன்னு ஆனா சரியா எழுதட்டும்."

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உறுப்பினர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நிதானத்துக்கு இது எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்றார். பிறகு பேனாவால் ஆறை அடித்து எட்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "இன்னைக்கே ஒட்டுங்க. மத்த கடையில என்ன கூலி வாங்குவாங்களோ அதுக்கு இவங்க பில் கொடுக்கட்டும். வியாழக்கிழமை நானே முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் பேசுவேன்."

"அவன் வேலை?" என்றாள் அக்கா.

"அதை இன்னைக்குப் பேசமாட்டேன். நீங்க கேட்டு நான் முடிவு பண்ணினேன்னு அதுவும் பலகையில வரும்." சொல்லும்போது அவர் முகத்தில் கடுமை இல்லை.

அன்று காலை தபால்காரர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பலகைக்கு முன்னால் நின்றவர்களில் யாரோ, "அக்காவையே எழுதிட்டானே!" என்றார்கள். "எழுதினான் இல்ல? அப்போ மத்ததையும் நம்பலாம்" என்றார் தபால்காரர்.

வியாழக்கிழமை அக்கா கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். உறுப்பினர் எழுந்து திரைச்சீலையைப் பற்றிச் சொன்னதும் சபையில் சிரிப்பு எழுந்தது. எதிர்த்தரப்பில் ஒருவர் மேசையைத் தட்டினார். உறுப்பினர் காத்திருந்துவிட்டு, மற்ற பத்துக் கடைகளின் நிலைமையை ஒவ்வொன்றாகச் சொன்னார். லாண்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலை பத்து மணி வரை வண்டிகள் வரலாம் என்று முடிவானது. முழுசாகக் கிடைக்கவில்லை, ஆனாலும் மூட்டை தலைக்கு ஏறாது.

அடுத்த திங்கட்கிழமை தம்பி லாண்டரிக்கு வந்தான். ஒரு தாளை நீட்டினான். அதில் உறுப்பினரின் கையெழுத்து இருந்தது. அக்கா அதை நாலு தடவை படித்தாள், தேதியைச் சரிபார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே கிளம்பினாள்.

பெரிய இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அலுவலக வாசல் வரை போய்விட்டாள். படியில் ஒரு காலை வைத்ததும் பலகை கண்ணில் பட்டது. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்படியே திரும்பி நடந்தாள்.

சந்தில் மற்ற பத்துக் கடைக்கும் கொடுத்தாள். அந்தப் பக்கம் வந்த தபால்காரர் இரண்டு எடுத்துக்கொண்டு, வாயில் போடுமுன் கேட்டார்:

"இதை எங்கேயாவது எழுதணுமா?"

"ரெண்டு எடுத்ததை மட்டும்" என்றாள் அக்கா.