கண்ணாடியக்கா பார்த்த அலமாரி

முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவாள். இத்தாலியிலிருந்து வந்த பழைய அலமாரியின் கதவை ஒரு சாண் திறந்து, தலையை நுழைத்து, கண்ணை மூடி ஒரு மூச்சு. பசை வாடை அடித்தால் அத்தோடு சரி. "நேத்துப் பொறந்துட்டு பாட்டி வேஷம் போடுது பாரு" என்று கதவைச் சாத்திவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவாள்.

மூக்கு சம்மதித்தால் அலமாரியைச் சுவரிலிருந்து இழுக்கச் சொல்லி, பின்பக்கம் டார்ச் அடிப்பாள். "இத்தாலிக்காரன் மூஞ்சிக்குப் பவுடர் போடுவான், முதுகைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டான்." பின்பலகையில் குண்டூசி முனையளவு துளை, அதன் கீழே மாவுபோல மரத்தூள் என்றால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. வேண்டாம். கண்ணாடியின் முறை கடைசியில்தான். கொண்டையில் செருகிய பென்சிலை உருவி, கண்ணாடிக்குப் பின்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டுவாள். அந்தக் காலத்துக் கண்ணாடியானால் பென்சில் தண்ணீரில் நிற்பதுபோல நெளியும். இடையில் மாற்றிய புதுக் கண்ணாடியானால் விறைப்பாக நிற்கும். அவள் உதட்டைப் பிதுக்கினால் அந்த அலமாரி விலைபோகாது.

அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர் வந்து இருபது வருஷம் ஆகிறது. அதற்கு முன் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் பன்னிரண்டு வருஷம் கண்ணாடி வெட்டினாள். இடது கட்டைவிரலில் அதற்குச் சாட்சியாக மூன்று தழும்புகள். துறைமுகத்துச் சாலையில் உள்ள பழைய சாமான் கடைக்குக் கப்பலில் இத்தாலி அலமாரி வந்திறங்கினால், சேகரிப்புப் பைத்தியம் பிடித்தவர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தீப்பெட்டிப் படம், பொம்மைக் கார், சங்கு, வாசனைத் திரவியப் புட்டி என்று ஆளுக்கொரு பைத்தியம். எல்லோரிடமும் அவள் கேட்பது ஒன்றுதான். "அலமாரியை அப்புறம் பாப்போம். உள்ள என்ன வைக்கப் போறீங்க? அதுல எது ரொம்ப கனம்?"

அவள் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரிகூடக் கிடையாது. "ஊருக்கெல்லாம் ஷோகேஸ் பாக்குறா. நம்ம வீட்டுல நாலு சோத்துத் தட்டு சாத்தி வைக்க ஒரு பலகை இல்ல" என்பது அவள் வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது, முழு வழுக்கை. அவளுக்கு மட்டும் தம்பி. "இது மாத்தின கண்ணாடி" என்று அவள் சொன்ன மறுநிமிஷம் கடை இரண்டுபடும். பெற்ற தாய்மேல் சத்தியம் செய்வார், அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொள்வார், ஸ்டூலை உதைப்பார். கடைசியில் தொப்பென்று அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "அக்கா, அது கண்ணா, கடப்பாரையா!" என்று ஒத்துக்கொள்வார். அதன் பிறகுதான் இருவருக்கும் டீ வரும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நர்ஸம்மா வந்தார். முப்பத்தைந்து வருஷம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். கட்டைவிரல் நீளத்தில் பீங்கானில் செய்த குழந்தைக் காலணிகளைச் சேர்த்து வைத்திருந்தார். மொத்தம் அறுபத்து மூன்று. சிக்கலாகிப்போன ஒவ்வொரு பிரசவத்தின் நினைவாகவும் ஒன்று வாங்கியிருந்தார்.

"எது கனம்?" என்று வழக்கம்போல அக்கா கேட்டாள்.

நர்ஸம்மா பையைப் பிரித்து வெள்ளை நிறத்தில் ஒன்பதைத் தனியாக எடுத்து வைத்தார். "இதுங்கதான். பொழைக்காத புள்ளைங்களோடது. மேல் தட்டுல, யார் கையும் படாம இருக்கணும்."

அக்கா மூன்று நாள் தேடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வால்நட் மரம், மெலிந்த கால்களின் நுனிக்குப் பித்தளை உறை, உள்ளே பாதரசம் பூசிய பின்கண்ணாடி, கண்ணாடித் தட்டுகள் நான்கு. தட்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பென்சில் அழகாக நெளிந்தது. "அத்தனையும் அசல். பயப்படாம வைங்க" என்றாள். கொஞ்ச நாளாகவே அவள் கண்ணில் படுவதெல்லாம் அசலாக இருந்தது. தம்பிக்கு இப்போது நல்ல சரக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம், கதவைத் திறந்த நேரம் மேல்தட்டு உடைந்து முன்பக்கமாகச் சரிந்து விழுந்தது. பித்தளை முளையின்மேல் தட்டு உட்காரும் மூலையில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்திருக்கிறது. அக்கா போனபோது நர்ஸம்மா தரையில் செய்தித்தாளை விரித்து, வெள்ளைச் சில்லுகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கீழ்த்தட்டில் இருந்தவற்றுக்குச் சின்னக் கீறல்கூட இல்லை.

"நான் பாத்தேன்மா. தட்டு தட்டா எடுத்துப் பாத்தேன்."

"பரவாயில்லக்கா." நர்ஸம்மா நிமிரவில்லை. "இதுங்களைக் கையில ஏந்திக் குடுத்தது ஒரு தரம். இப்ப இன்னொரு தரம். பழக்கம்தான்."

அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அக்காவுக்கு. உடைந்த தட்டின் துண்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். விரிசலின் பழைய விளிம்பு எது, புதிய உடைப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பென்சிலை உருவித் துண்டுக்குப் பின்னால் பிடித்தாள். நெளிந்தது. துண்டைக் கீழே வைத்தாள். பென்சில் இன்னும் அவள் கையில் நிமிர்ந்தே இருந்தது. நடுவில் கண்ணாடி இல்லை, எதுவுமில்லை. வெறும் காற்றில் பென்சில் நெளிந்தது.

ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். கதவு நிலையைப் பார்த்தாள். நர்ஸம்மாவின் சேலைக் கரையைப் பார்த்தாள். எல்லாம் நெளிந்தன.

கண் டாக்டர் கட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் காட்டினார். "எந்தக் கோடாவது வளைஞ்சு தெரியுதாம்மா?"

"நேரா தெரியுற கோடு எதுன்னு கேளுங்க டாக்டர்."

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது என்றார். ஊசி போடலாம்; இருப்பதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம்; போனது போனதுதான். எவ்வளவு நாளாக இப்படி என்று அவர் கேட்டார். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? அதற்குள் எத்தனை வீடுகளுக்கு அலமாரி தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்? எத்தனை தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "அசல்" என்றாள்? வீடு திரும்பி ஒவ்வொரு பெயராக நினைவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். "மேல் தட்டுல கனமா எதுவும் வைக்காதீங்க. சும்மா தோணிச்சு, அதான் கூப்பிட்டேன்." சங்கு சேர்ப்பவர் சிரித்தார். "நீங்க பாத்துக் குடுத்த அலமாரிக்கா. அதுக்கு என்ன வந்துடப் போகுது?"

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் நாலு தட்டையும் கழுவித் துடைத்துச் சுவரோரம் சாத்தி வைத்தார். அதன் பிறகு பலகைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அது அவளுக்கு ஊசியைவிட அதிகமாகக் குத்தியது.

நாலு மாதம் கடைப்பக்கம் போகவில்லை. கண்ணில் நெளிவு போய், நடுவில் பெருவிரல் வைத்து அழுத்தினாற்போல ஒரு சாம்பல் கறை வந்து உட்கார்ந்திருந்தது. போன வாரம் தம்பி தானே போன் செய்து கூப்பிட்டார். இத்தாலியிலிருந்து வளைந்த கண்ணாடி வைத்த அலமாரி ஒன்று வந்திருக்கிறதாம். "நீங்க ஒரு பார்வை பாத்தாதான்க்கா எனக்குத் திருப்தி."

போனாள். மூக்கை உள்ளே விட்டாள். பழைய மெழுகு வாடை அடித்தது. அதை மூக்கு சரியாகவே சொன்னது. பிறகு பென்சிலைப் பிடித்துத் தலையை ஆட்டினாள். பென்சில் இருந்த இடத்தில் கறைதான் இருந்தது. பழசா, புதுசா, அங்கே கண்ணாடி இருக்கிறதா என்பதே தெரியவில்லை. ஒரு யோசனை தோன்றியது. குருட்டாம்போக்கில் சொல்லிவிடுவோம், அவர் கத்துகிற கத்தலிலிருந்து உண்மை எது என்று பிடித்துக்கொள்ளலாம். இருபது வருஷக் கத்தல். அதன் சுருதி அவளுக்கு அத்துப்படி.

"இது மாத்தின கண்ணாடி, தம்பி."

காத்திருந்தாள். சத்தியம் வரவில்லை. ஸ்டூல் உருளவில்லை. தெருவில் ஒரு லாரி பின்னால் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமாக்கா" என்றார் அவர், நோயாளியின் தலைமாட்டில் நின்று பேசுகிறவர் குரலில். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரா?"

தம்பி டீக்காரருக்கு இரண்டு விரலைக் காட்டினாரோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. அந்த முகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நேரே பார்த்தால் கழுத்துக்கு மேல் கறைதான். பார்வை மிச்சமிருப்பது ஓரத்தில் மட்டும். அதனால் அவரைப் பார்ப்பதற்காக, அவரைவிட்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. தப்பா ஒண்ணும் நினைக்கல. இந்தப் பக்கம் பாருங்கக்கா."

அவள் முகத்தை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமே திருப்பினாள்.