வீரய்யாவின் மகன் செய்னுதீன்

காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது. ஐந்தாம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். டவுனிலிருந்து வந்த லொறிக்காரர் வாசலில் நின்று, "மாஸ்டர், துணிக்கடை செய்னுதீன் தவறிட்டாருங்க. நெஞ்சுவலி," என்றார்.

செய்னுதீன் என் அண்ணன். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் பிறந்தபோது வைத்த பெயர் கந்தப்பன்.

பதினெட்டு வயதில் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஏழு வருஷம் கழித்து, 1950இல், கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. கல்யாணத்துக்காகவும் இல்லை; கடைசிவரை தனியாகவே இருந்தார். மதம் மாறியதில் அப்பாவுக்குக் கோபமில்லை. மறு வருஷம் பிரஜாவுரிமை மனுவுக்காக அண்ணன் பள்ளிவாசல் அத்தாட்சியோடு வந்தார். நான்தான் அதை உரக்க வாசித்தேன்: 'அப்துல்லாவின் மகன் செய்னுதீன்.'

அப்பா வெற்றிலையைத் துப்பினார். "யாருடா அந்த அப்துல்லா? நான் செத்தா போயிட்டேன்?"

அப்துல்லா என்றால் இறைவனின் அடியான். மார்க்கத்துக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் தகப்பன் பெயராக அதை எழுதுவது பள்ளிவாசல் எழுத்தரின் வழக்கம். அண்ணன் எவ்வளவோ விளக்கினார். அப்பா பன்னிரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. தீபாவளிக்கு அண்ணன் அனுப்பும் வேட்டியை மட்டும் கட்டிக்கொள்வார்.

போன வருஷம் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படித்ததை அண்ணனிடம் சொன்னேன். "யூதர்கள்ல தாய் யூதரா இருந்தாப் போதும், பிள்ளையும் யூதன். நம்பிக்கை விட்டுப்போனாலும் அவன் யூதன்தான்."

"வெளியிலேருந்து சேர்றவன்?"

"ஆபிரகாமின் மகன்னு எழுதுவாங்களாம்."

அண்ணன் முழக்கோலைக் கீழே வைத்தார். "அப்ப அங்க அப்பன் பேரு மாறிடுது. எங்க மார்க்கத்துல அது கெடையாது தம்பி. பெத்தவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்னு வேதத்துலயே இருக்கு. அந்த எழுத்தரு தெரியாம எழுதிட்டாரு. பள்ளிவாசல் லெப்பைய ஒத்துக்க வச்சிட்டேன், திருத்தணும்."

"இத அப்பாகிட்ட சொல்லுங்கண்ணே."

"அவரு காது குடுத்தாத்தானே! வேட்டிக்கு மட்டும் கை நீட்டுவாரு, கள்ளக் கெழவன்," என்று சிரித்தார்.

சாவுச் செய்தி வந்த அன்று நான் கூப்பிடாமலே அப்பா பஸ்ஸில் ஏறினார். அடக்கம் செய்யும் மையவாடியின் வாசல்வரை வந்து நின்றுவிட்டார். "நான் வேத்து ஆளு. நீ போ."

லெப்பை அதைக் கேட்டுத் திரும்பி வந்தார். "என்ன பேச்சு பெரியவரே? நீங்க பெத்த புள்ளதானே. மொதப் புடி மண்ணு நீங்க போடுங்க."

அப்பா உள்ளே வந்தார். மூன்று பிடி போட்டார். எல்லாரும் போட்டு முடித்ததும் லெப்பை குழியின் தலைமாட்டில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தாய் பேரு என்ன மாஸ்டர்? இந்த எடத்துல தாய் பேரைச் சொல்லித்தான் நாங்க கூப்பிடுவோம்."

நான் வாய் திறக்குமுன் அப்பா சொன்னார்: "அம்மாக்கண்ணு."

செத்துப்போன எங்கள் அம்மாவின் பெயர் அரபு வசனங்களுக்கு நடுவே மூன்று தடவை வந்தது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார். ஓதி முடிந்தபின், "அவளைச் சொல்லிட்டீங்க. எம் பேரு?" என்று கேட்டார்.

"ஒங்க பேரு புத்தகத்துல வரணுங்க. அவரு கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு. நாங்கதான் தாமசம் பண்ணிட்டோம்."

அன்று சாயங்காலமே லெப்பை பள்ளிவாசல் பதிவேட்டைத் திறந்தார். 'அப்துல்லா'வை ஒரு கோடிட்டு அடித்து, மேலே 'வீரய்யா' என்று எழுதினார். அப்பா பக்கத்தில் கைநாட்டு வைத்தார். திருத்தத்துக்கு நிர்வாகிகள் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் உடனே போட்டார். மற்றவர் கண்டிக்குப் போயிருந்தார்.

இன்றோடு ஒன்பது நாள். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.